28 பவுண்டு வள்ளல்!

தம்பி, தங்கைகளே! முதலில் உங்களுக்கு ஒரு கணக்கு. அவசரப்படாமல் விடை சொல்லுங்கள்.

ஓர் இளைஞருக்கு ஆண்டுக்கு 30 பவுண்டு வருமானம். அவர் 28 பவுண்டில் தன் செலவுகளை முடித்துக்கொண்டு, மீதமுள்ள 2 பவுண்டை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு அவரது வருமானம் இரண்டு மடங்காகி, 60 பவுண்டு கிடைத்தது. அப்படியானால், இந்த முறை அவர் ஏழைகளுக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்?

4 பவுண்டு என்றுதானே சொல்ல வந்தீர்கள்? அதுதான் இல்லை! அவர் கொடுத்தது 32 பவுண்டு. ஏனென்றால், வருமானம் கூடினாலும் அவர் தன் செலவைக் கூட்டவே இல்லை. அதே 28 பவுண்டில்தான் வாழ்ந்தார். மூன்றாம் ஆண்டு 90 பவுண்டு வந்தது. 62 பவுண்டைக் கொடுத்தார். நான்காம் ஆண்டு 120 பவுண்டு வந்தது. 92 பவுண்டைக் கொடுத்தார். தனக்கென்று வைத்துக்கொண்டது எப்போதும் 28 பவுண்டு மட்டும்தான்.

இந்தக் கணக்கை, ஆக்ஸ்போர்டு இளைஞர் ஒருவரின் கதையாகப் பெயர் சொல்லாமல் ஒரு பிரசங்கத்தில் எழுதி வைத்தவர் ஜான் வெஸ்லி. அந்த இளைஞர் வேறு யாருமல்ல, வெஸ்லியேதான் என்கிறார்கள் அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள். உலகெங்கும் பரவியுள்ள மெதடிஸ்ட் திருச்சபையைத் தொடங்கி வைத்தவர் இவர்தான். பணத்தைச் சேர்த்து வைத்துவிட்டு இறந்த பிறகு தானம் செய்வதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. உயிரோடு இருக்கும்போதே, தன் கையாலேயே கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார். அதன்படியே 87 வயது வரை வாழ்ந்தும் காட்டினார். அவரைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

கடனில் தவித்த வீடு

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், லிங்கன்ஷயர் மாவட்டத்தில் எப்வொர்த் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே சாமுவேல் வெஸ்லி என்பவர் பாதிரியாராக இருந்தார். அவரது மனைவி சூசன்னா. இவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் மொத்தம் 19 பேர்! அந்தக் காலத்தில் பல குழந்தைகள் சிறு வயதிலேயே நோயால் இறந்துவிடுவார்கள். இந்த வீட்டில் பிழைத்து வளர்ந்தவர்கள் 10 பேர்தான். அவர்களில் ஒருவராக, 1703-ம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்தவர் ஜான்.

பாதிரியார் வீடு என்றாலும் வறுமைக்குக் குறைவில்லை. ஜானுக்கு இரண்டு வயது இருக்கும்போது, வாங்கிய கடனைத் திருப்பித் தர முடியாததற்காக அப்பாவை லிங்கன் கோட்டைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். அப்போதெல்லாம் கடனைக் கட்டாவிட்டால் சிறைதான். கையில் காசில்லாத சூசன்னா, தன் விரலில் இருந்த மோதிரங்களைக் கழற்றிக் கணவருக்கு அனுப்பி வைத்தார். அவரோ அவற்றை வாங்க மனமில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில் பேராயர் ஒருவர் சூசன்னாவிடம், வீட்டில் எப்போதாவது ரொட்டிகூட இல்லாமல் இருந்தது உண்டா என்று கேட்டார். அதற்கு அந்தத் தாய் சொன்ன பதில் மறக்க முடியாதது. ரொட்டியே இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் சாப்பிடுவதற்கு முன்பு அதைத் தேடவும், சாப்பிட்ட பிறகு அதற்குப் பணம் கட்டவும் பட்ட பாட்டில், அந்த ரொட்டி ருசிக்காமலே போய்விட்டது என்றார்.

பசி என்றால் என்ன, கடன் என்றால் என்ன என்பதை ஜான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தன் வீட்டிலேயே பார்த்தார்.

நெருப்பில் இருந்து தப்பியவர்

1709-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஒரு நாள் நள்ளிரவு. அந்த வீடு தீப்பற்றி எரிந்தது. எல்லோரும் அலறி அடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு பிள்ளையைக் காணோம். ஐந்து வயது ஜான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான்! அப்பா உள்ளே ஓடினார். படிக்கட்டு எரிந்துகொண்டிருந்தது, ஏற முடியவில்லை. மண்டியிட்டு, மகனைக் கடவுளிடம் ஒப்படைத்து ஜெபம் செய்தார்.

அதற்குள் விழித்துக்கொண்ட ஜான், ஒரு பெட்டியின் மேல் ஏறி ஜன்னலில் வந்து நின்றான். ஏணி கொண்டுவர நேரமில்லை. சட்டென்று ஒருவர் சுவரோரம் நிற்க, அவர் தோள் மேல் இன்னொருவர் ஏறினார். கையை நீட்டிச் சிறுவனை இழுத்துக்கொண்டார். மறுகணமே கூரை இடிந்து உள்ளே விழுந்தது. ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் ஜான் வெஸ்லி என்ற மனிதரை உலகம் அறிந்திருக்காது.

இந்த உயிர் தனக்கு இரண்டாம் முறை தரப்பட்ட பரிசு என்ற நினைப்பு அவருக்குக் கடைசி வரை இருந்தது.

சூசன்னா தன் பிள்ளைகளுக்குத் தானே ஆசிரியராக இருந்தார். ஐந்து வயது முடிந்ததும் படிப்பு தொடங்கும். எழுத்துகளைக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு நாள்தான் அவகாசம்! நேரத்தையும் பொருளையும் வீணாக்கக் கூடாது என்ற பழக்கம் ஜானுக்கு அம்மாவிடம் இருந்துதான் வந்தது.

10 வயதில் அவர் லண்டனில் உள்ள சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பெரிய பையன்கள், சின்னப் பையன்களின் தட்டில் இருக்கும் இறைச்சியைப் பிடுங்கித் தின்றுவிடுவார்கள். ஜானுக்குப் பல நாள் மிஞ்சியது ரொட்டி மட்டும்தான். ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. தினமும் காலையில் தோட்டத்தை மூன்று முறை சுற்றி ஓட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். அதை விடாமல் செய்தார். பிற்காலத்தில் தன் உடல் உறுதியாக இருந்ததற்கு அந்த ஓட்டமும் ஒரு காரணம் என்றார்.

சுவரில் மாட்டிய படங்கள்

நன்றாகப் படித்த ஜான், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1726-ல் அங்குள்ள லிங்கன் கல்லூரியில் ஆசிரியர் பொறுப்பும், அதற்கான உதவித்தொகையும் கிடைத்தன. முதன்முறையாகக் கையில் கொஞ்சம் பணம் புழங்கியது. தன் அறையை அழகுபடுத்த ஆசைப்பட்டு, சில படங்களை வாங்கிச் சுவரில் மாட்டினார்.

அது கடுங்குளிர் காலம். ஒரு நாள், வேலைக்காரச் சிறுமி ஒருத்தி அவர் அறைக்கு வந்தாள். குளிரில் உடம்பு விறைத்துப்போயிருந்தது. அவள் போட்டிருந்ததோ மெல்லிய துணியால் ஆன ஓர் உடை. கம்பளி உடை எதுவும் இல்லையா என்று வெஸ்லி விசாரித்தார். இருப்பது இது ஒன்றுதான் என்றாள் அவள். மனம் இரங்கிய வெஸ்லி, உடனே தன் பைக்குள் கையை விட்டார். பையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை!

தலை நிமிர்ந்து பார்த்தார். சுவரில் புதுப் படங்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அந்தப் பணம்தானே இந்தச் சிறுமியின் கம்பளி உடை? கடவுள் நாளைக்கு என்னிடம் கணக்குக் கேட்டால், இவளைக் குளிரில் நடுங்கவிட்டுவிட்டுச் சுவருக்கு அலங்காரம் செய்தேன் என்றா பதில் சொல்வது? அந்தக் கேள்வி வெஸ்லியின் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

படம் மாட்டுவது பாவம் அல்ல. ஆனால் எது முதலில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் தன் செலவுகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார். முடிதிருத்துவதற்கு ஆகும் காசை மிச்சம் பிடிக்க, தலைமுடியை நீளமாக வளர்த்துக்கொண்டார். குதிரை வண்டிக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்க, நெடுந்தூரம் கால்நடையாகவே போனார். மற்ற மாணவர்கள் கேலி செய்தார்கள். அவர் கவலைப்படவில்லை. மிச்சம் பிடித்த ஒவ்வொரு காசும் ஏழைகளுக்கும், ஆக்ஸ்போர்டு சிறையில் கடனுக்காக அடைபட்டுக் கிடந்தவர்களுக்கும் போனது. கடனுக்காகச் சிறை! தன் அப்பாவின் கதை அவருக்கு நினைவுக்கு வந்திருக்கும் அல்லவா?

வெஸ்லியும் அவர் தம்பி சார்லஸும் நண்பர்களும் எல்லாவற்றையும் நேரம் தவறாமல், ஓர் ஒழுங்குமுறையோடு செய்தார்கள். ஆங்கிலத்தில் முறைக்கு மெதட் என்று பெயர். அதனால் மற்றவர்கள் இவர்களை மெதடிஸ்ட் என்று கிண்டலாக அழைத்தார்கள். அந்தக் கேலிப் பெயரே ஒரு பெரிய திருச்சபையின் பெயராகிவிட்டது!

குதிரை மேல் ஒரு வீடு

பாதிரியாரான வெஸ்லி, 1735-ல் கப்பலேறி அமெரிக்காவின் ஜார்ஜியா பகுதிக்குச் சென்றார். அங்கே போன காரியம் சரியாக அமையவில்லை. மனம் சோர்ந்து ஊர் திரும்பினார். 1738-ம் ஆண்டு மே 24 அன்று மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனார். அங்கேதான் கடவுள் தன்னை மன்னித்து ஏற்றுக்கொண்டார் என்ற உறுதி அவருக்குக் கிடைத்தது. கடவுள் தன்னிடம் இவ்வளவு அன்பு காட்டும்போது, தான் பிறரிடம் கணக்குப் பார்த்து அன்பு காட்டுவது எப்படி என்று நினைத்தார்.

ஆலயங்கள் பல அவருக்குக் கதவை மூடின. 1739-ம் ஆண்டு ஏப்ரலில், பிரிஸ்டல் நகரத்தில் திறந்தவெளியில் நின்று பேசத் தொடங்கினார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், நெசவாளர்கள், கூலிக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஏழைகள் கூடினார்கள். அன்று தொடங்கிய பயணம் 50 ஆண்டுகளுக்கு மேல் நிற்கவில்லை. பெரும்பாலும் குதிரை மீதே அவர் 2,50,000 மைல் தூரம் பயணம் செய்திருப்பார் என்றும், 40,000 பிரசங்கங்கள் செய்திருப்பார் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். குதிரை போய்க்கொண்டிருக்கும்போதே புத்தகம் படிப்பார். சில ஊர்களில் கல்லடியும் பட்டார்.

50 பவுண்டில் 250 பேர்

லண்டனில் பீரங்கி வார்க்கும் பழைய தொழிற்கூடம் ஒன்று பாழடைந்து கிடந்தது. வெஸ்லி 1739-ல் அதை வாங்கிச் சீர்செய்தார். அங்கே ஜெபம் மட்டுமா நடந்தது? ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்தது. ஆதரவற்ற விதவைகளுக்கு வீடு கொடுக்கப்பட்டது. 1746-ல் இலவச மருந்தகம் திறக்கப்பட்டது. ஐந்தே மாதத்தில் 500 பேருக்கு மேல் அங்கே மருந்து வாங்கிச் சென்றார்கள்.

அதே ஆண்டில் வெஸ்லி இன்னொன்றும் செய்தார். அவசரத்துக்குக் கொஞ்சம் பணம் தேவைப்படும் ஏழைகள், கந்துவட்டிக்காரர்களிடமும் அடகுக் கடைகளிலும் சிக்கித் தவித்தார்கள். வெஸ்லி நகரத்தின் ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை நடந்து, வசதி உள்ளவர்களிடம் கேட்டு 50 பவுண்டு திரட்டினார். ஏழைகளுக்கு வட்டி இல்லாமல் கடன் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒருவருக்கு 20 ஷில்லிங் வரை கடன் கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு.

50 பவுண்டை வைத்துக்கொண்டு 50 பேருக்குத்தானே உதவ முடியும் என்று நினைக்கிறீர்களா? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது! மூன்று மாதத்தில் பணம் திரும்பி வந்ததும் அதே பணம் வேறு ஆட்களுக்குப் போகும். இப்படி ஓர் ஆண்டுக்கு நான்கு முறை சுற்றி வரும். குறைவாகக் கடன் வாங்கியவர்களும் இருந்ததால், ஒரே ஆண்டில் 250 பேருக்கு அந்தச் சிறு தொகை உதவியது. தானம் கொடுத்தால் பணம் ஒருமுறை உதவும். இப்படிக் கொடுத்தால் திரும்பத் திரும்ப உதவும் அல்லவா?

பிற்காலத்தில் இந்தக் கடன் 5 பவுண்டு வரை உயர்ந்தது. ஜேம்ஸ் லாக்கிங்டன் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, 1774-ல் லண்டனில் ஒரு சின்னப் பழைய புத்தகக் கடை திறந்தார். முதலீடு போதவில்லை. வெஸ்லியின் நிதியில் இருந்து 5 பவுண்டு கடன் வாங்கிப் புத்தகங்கள் வாங்கிப் போட்டார். வியாபாரம் சூடு பிடித்தது. லாபம் குறைவாக வைத்து, ரொக்கத்துக்கு மட்டுமே விற்றார். சில ஆண்டுகளில் லண்டனிலேயே மிகப் பெரிய புத்தகக் கடைக்காரர்களில் ஒருவர் ஆகிவிட்டார்! பிறகு தன் சொந்தப் பணத்தில் மெதடிஸ்ட் ஆலயங்களும் கட்டிக் கொடுத்தார்.

எதிரி நாட்டு வீரர்கள்

நமக்கு வேண்டியவர்களுக்குக் கொடுப்பது எளிது. எதிரிக்குக் கொடுப்பது? 1759-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. பிடிபட்ட பிரெஞ்சு வீரர்கள் 1,100 பேருக்கு மேல் பிரிஸ்டல் நகருக்கு அருகே ஒரே இடத்தில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அக்டோபர் மாதக் குளிர். படுக்க அழுக்கு வைக்கோல். போர்த்திக்கொள்ளக் கந்தல். பல பேர் நோயில் கிடந்தார்கள்.

அவர்களை நேரில் போய்ப் பார்த்த வெஸ்லி, அன்று மாலையே மக்களிடம் பேசினார். அந்நியர்களை ஒடுக்கக் கூடாது, நீங்களும் ஒரு காலத்தில் அந்நியர்களாக இருந்தவர்கள்தானே என்னும் பைபிள் கருத்தை எடுத்துச் சொன்னார். நம் நாட்டோடு சண்டை போட்டவர்களுக்கா கொடுப்பது என்று யாரும் பின்வாங்கவில்லை. உடனே 18 பவுண்டு சேர்ந்தது. மறுநாள் அது 24 பவுண்டு ஆனது. அந்தப் பணத்தில் துணி வாங்கி, சட்டைகளும் கால்சட்டைகளும் தைத்து, மிகவும் தேவைப்பட்ட கைதிகளுக்குக் கொடுத்தார்கள்.

எதிர்பாராமல் வந்த செல்வம்

ஏழைகள் வாங்கிப் படிக்க வேண்டும் என்பதற்காக, வெஸ்லி எளிய நடையில் சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதினார். பெரும்பாலும் விலை ஒரு பென்னிதான். வீட்டு வைத்தியத்துக்குக்கூட ஒரு புத்தகம் எழுதினார். அவை அவரே எதிர்பாராத அளவுக்கு விற்றுத் தீர்ந்தன. தன்னை அறியாமலே பணக்காரர் ஆகிவிட்டார் வெஸ்லி!

இப்போதுதான் உண்மையான சோதனை. இல்லாதபோது எளிமையாக வாழ்வது பெரிய காரியம் இல்லை. கைநிறைய வரும்போதும் எளிமையாக வாழ முடியுமா? வெஸ்லி வாழ்ந்தார். வந்த பணம் வந்த வேகத்தில் ஏழைகளிடம் போய்ச் சேர்ந்தது. வாழ்நாளில் அவர் இப்படிக் கொடுத்தது சுமார் 30,000 பவுண்டு இருக்கும் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் கணிக்கிறார்கள். 28 பவுண்டில் ஒருவர் ஓர் ஆண்டு முழுவதும் வாழ்ந்துவிட முடிந்த காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்!

1776-ல் ஒரு வேடிக்கை நடந்தது. வெள்ளிப் பாத்திரங்களுக்கு அரசாங்கம் வரி போட்டிருந்தது. இவ்வளவு புகழ்பெற்ற மனிதர் வீட்டில் வெள்ளிச் சாமான்கள் குவிந்திருக்கும், அவற்றை மறைக்கிறார் என்று சந்தேகப்பட்ட வரி அதிகாரிகள், கணக்குக் கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். வெஸ்லி இரண்டு வரியில் பதில் எழுதினார். தன்னிடம் இருப்பது லண்டனில் இரண்டு வெள்ளித் தேக்கரண்டி, பிரிஸ்டலில் இரண்டு வெள்ளித் தேக்கரண்டி, அவ்வளவுதான். தன்னைச் சுற்றிலும் இத்தனை பேர் ரொட்டிக்கு ஏங்கும்போது, இதற்கு மேல் வாங்குவதாகவும் இல்லை என்று தெரிவித்துவிட்டார்!

மூன்று விதிகள்

பணத்தைப் பற்றி வெஸ்லி மூன்று விதிகள் சொன்னார். முதல் விதி, முடிந்த அளவு சம்பாதி. இரண்டாவது விதி, முடிந்த அளவு சேமி. மூன்றாவது விதி, முடிந்த அளவு கொடு.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஒவ்வொரு விதிக்கும் அவர் ஒரு வேலி போட்டிருந்தார். சம்பாதிக்கலாம், ஆனால் உன் உடல்நலத்தையோ மனத்தையோ கெடுத்துக்கொண்டு சம்பாதிக்கக் கூடாது. அடுத்தவரைக் கெடுக்கும் சாராயம் விற்றோ, சூதாட்டத்திலோ சம்பாதிக்கக் கூடாது. சேமிக்கலாம், ஆனால் பெட்டியில் பூட்டி வைக்க அல்ல. வீண் ஆடம்பரத்தில் கரைந்துவிடாமல் காப்பதுதான் சேமிப்பு. மூன்றாவது விதியைக் கடைப்பிடிக்காவிட்டால், முதல் இரண்டினாலும் ஒரு பயனும் இல்லை.

அப்படியானால், தன் குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்குக் கொடுக்கச் சொன்னாரா? இல்லவே இல்லை. முதலில் உனக்கும் உன் வீட்டாருக்கும் வேண்டிய உணவு, உடை, மற்றத் தேவைகளைப் பார். வாங்கிய கடனைக் கட்டு. பிறகு உன் சபையில் உள்ள ஏழைகளைக் கவனி. அதற்கும் மிஞ்சினால், எந்த வேறுபாடும் பார்க்காமல் எல்லோருக்கும் கொடு என்றார்.

இதற்கு அடிப்படை, பைபிளில் இயேசு சொன்ன கதைகள். ஒரு பணக்காரனின் நிலத்தில் அமோகமாக விளைந்தது. அவன் பழைய களஞ்சியங்களை இடித்துவிட்டுப் பெரிய களஞ்சியங்கள் கட்டி, எல்லாவற்றையும் சேர்த்து வைக்கத் திட்டமிட்டான். அன்று இரவே அவன் உயிர் போய்விட்டது! சேர்த்தது யாருக்கு? இன்னொரு கதையில், எஜமானின் பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரன் கடைசியில் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். உலகத்தில் உள்ள பொருளுக்கெல்லாம் சொந்தக்காரர் கடவுள். நாம் அதைப் பார்த்துக்கொள்ளும் கணக்குப்பிள்ளைகள் மட்டுமே என்று வெஸ்லி நம்பினார். இறக்கும்போது எப்படியும் விட்டுவிட்டுத்தானே போக வேண்டும்? கையைவிட்டுத் தானாகப் போவதைக் கொடுத்தேன் என்று சொல்வதில் பெருமை என்ன இருக்கிறது? அதனால்தான் இருக்கும்போதே கொடுக்கச் சொன்னார்.

ஆனால் ஒரு வருத்தம் அவருக்கு முதுமையில் இருந்தது. அவரைப் பின்பற்றியவர்கள் குடியையும் சூதையும் விட்டார்கள், கடுமையாக உழைத்தார்கள், சிக்கனமாக இருந்தார்கள். அதனாலேயே பலர் பணக்காரர் ஆகிவிட்டார்கள்! ஆகிவிட்ட பிறகு, முதல் இரண்டு விதிகளை நினைவில் வைத்துக்கொண்டு மூன்றாவதை மறந்துவிட்டார்கள். மூன்றையும் கடைப்பிடிப்பவர்கள் மிகச் சிலரே என்று அவர் வெளிப்படையாகவே வருந்தினார். ஊரே கொண்டாடிய ஒருவரின் பேச்சை, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்க ஆள் இல்லை. அதற்காக அவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. தான் செய்வதை நிறுத்தவும் இல்லை.

பனியில் நடந்த கால்கள்

1785-ம் ஆண்டு ஜனவரி மாதம். வெஸ்லிக்கு அப்போது 81 வயது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் லண்டன் ஏழைகளுக்கு நிலக்கரியும் ரொட்டியும் கொடுப்பது வழக்கம். அந்த ஆண்டு, அவர்களுக்கு உடையும் தேவை என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு 200 பவுண்டு வேண்டும். தன்னிடம் அவ்வளவு இல்லை. என்ன செய்தார் தெரியுமா? வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்டார்!

தெருவெங்கும் உருகிய பனி கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. காலையில் இருந்து மாலை வரை அந்தப் பனித்தண்ணீரில் கால் நனைய நனைய ஐந்து நாட்கள் நடந்தார். 200 பவுண்டும் சேர்ந்துவிட்டது. ஏழைகளுக்கு உடை கிடைத்தது. அந்த வார முடிவில் வெஸ்லி கடுமையாக நோய்வாய்ப்பட்டுப் படுத்துவிட்டார். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

அன்று அவர் நாடு முழுவதும் அறிந்த மனிதர். ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும், ஆட்களை அனுப்பியிருக்கலாம். தனக்காகக் கேட்கத்தான் வெட்கப்பட வேண்டும், பிறருக்காகக் கேட்க எதற்கு வெட்கம் என்று அவரே நடந்தார்.

பையில் மிஞ்சியது

பல ஆண்டுகளாக வெஸ்லி வரவு செலவுக் கணக்கு எழுதி வந்தார். 1790-ம் ஆண்டு, கை நடுங்கத் தொடங்கியபோது அந்தக் கணக்குப் புத்தகத்தை மூடினார். முடிந்ததையெல்லாம் சேமித்து, முடிந்ததையெல்லாம், அதாவது இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுகிறேன் என்ற திருப்தியே போதும், இனிக் கணக்கு வேண்டாம் என்று அதில் எழுதி வைத்தார்.

1791 பிப்ரவரி 24 அன்று, வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதினார். மனிதர்களை அடிமைகளாக விற்கும் கொடுமையை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தவர் அவர். மனம் தளராமல் போராடும்படி வெஸ்லி அவருக்குத் தைரியம் சொன்னார். ஒரு வாரத்தில், மார்ச் 2 அன்று, 87-வது வயதில், லண்டன் சிட்டி ரோடு ஆலயத்தை அடுத்த தன் வீட்டில் காலமானார்.

அதற்கு ஏறக்குறைய 50 ஆண்டுகளுக்கு முன்பு அவர் ஒரு சவால் விட்டிருந்தார். தான் சாகும்போது, கடன் போக 10 பவுண்டுக்கு மேல் தன்னிடம் இருந்தால், தன்னைத் திருடன் என்று உலகம் சொல்லலாம் என்று எழுதியிருந்தார். வார்த்தையைக் காப்பாற்றினாரா? புத்தக வியாபாரத்தில் வந்ததை, தம்பி குடும்பத்துக்கும் சபைப் பணிக்கும் பயன்படுமாறு முன்பே எழுதி வைத்துவிட்டார். தன் சட்டைப் பையிலும் மேஜையிலும் ஏதாவது சில்லறை மிச்சம் இருந்தால், அதையும் நான்கு ஏழைப் பிரசங்கிகள் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார்.

இறுதி ஊர்வலத்துக்குக் குதிரை வண்டி வேண்டாம், ஆடம்பரம் எதுவும் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். ஆறு ஏழைகள் தன் உடலைச் சுமந்து செல்ல வேண்டும். அவர்களுக்கு ஆளுக்கு 20 ஷில்லிங் கொடுக்க வேண்டும். அப்படியே நடந்தது. இறந்த பிறகும் ஆறு வீடுகளில் அடுப்பு எரிய வழி செய்துவிட்டுத்தான் போனார்!

அவர் மறைந்து 23 ஆண்டுகள் கழித்து, 1814-ல் மெதடிஸ்ட் ஊழியர்கள் கப்பலேறி இலங்கைக்கு வந்தார்கள். தமிழர்கள் வாழும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பள்ளிக்கூடங்கள் தொடங்கினார்கள். சென்னை ராயப்பேட்டையில் வெஸ்லி பெயரில் ஒரு பள்ளி இருப்பதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். எப்வொர்த் கிராமத்தில் நெருப்பில் இருந்து காப்பாற்றப்பட்ட அந்தச் சிறுவனின் பெயர்தான் அது.

என்ன தம்பி, தங்கைகளே! கொடுப்பதற்கு நாம் முதலில் பணக்காரர் ஆக வேண்டும் என்று நினைத்திருந்தீர்களா? வெஸ்லி முதலில் கொடுத்தது 2 பவுண்டுதான். இந்த மாதம் உங்கள் உண்டியலைத் திறக்கும்போது, எனக்கு இன்னும் என்ன வாங்கலாம் என்று யோசிப்பதோடு, எனக்கு எவ்வளவு போதும் என்றும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பென்சில் இல்லாத ஒரு நண்பன், குடை இல்லாத ஒரு தோழி, உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். பெரியவர்கள் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். சரிதானே?